வாக்கியக் கணக்கைச் சாய்ஸில் விடும் பிள்ளைகளுக்கு

பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுத்திருக்கும் அன்புப் பிள்ளைகளே,

வினாத்தாள் கைக்கு வந்ததும், நாலு வரிக்கு மேல் நீளும் கணக்கைக் கண்டால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. நேரிய அசமன்பாட்டை வெறும் குறிகளாகக் கொடுத்தால் நீங்கள் போட்டுவிடுகிறீர்கள். எண்கோட்டில் திறந்த வட்டமா நிரப்பிய வட்டமா என்பதுவரை சரியாகவே வருகிறது. அதே அசமன்பாட்டுக்குள் ஒரு பிளம்பரையோ அமிலக் கரைசலையோ நுழைத்துவிட்டால் விடைத்தாளில் அந்தக் கேள்வி எண்ணையே காணோம். கேட்டால், “அதைச் சாய்ஸ்ல விட்டுட்டேன் சார்” என்கிறீர்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறிக்கணக்கைவிட வாக்கியக் கணக்குத்தான் எளிது. குறிக்கணக்கில் தப்பு நேர்ந்தால் காட்டிக்கொடுக்க ஆள் கிடையாது. வாக்கியக் கணக்கில் கதையே சாட்சி சொல்லும். அதற்குக் கதையை முழுக்கப் படிக்க வேண்டும், அதில் எழுதாமல் விட்டதையும் சேர்த்து.

வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே வைத்துக்கொள்கிறேன்; பிறகு கொஞ்சம் கூடிவிட்டது, ஆனால் அந்த எண்கள் கணக்குப் போட வசதியானவை. முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. அடுத்த நூறுக்கு 6 ரூபாய். ஆக 500 யூனிட் ஓடியிருந்தால் 225, 900, 600 என்று சேர்ந்து 1,725 ரூபாய் ஆகிறது.

இனி 501 யூனிட் ஓடிய வீட்டைப் பாருங்கள். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 2.25 என்ற சலுகை விலை கிடையாது. 101-லிருந்து 400 வரை மொத்தமும் 4.50. அது 1,350. அடுத்த நூறுக்கு 600. கடைசி ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய் என்று கட்டணப் பட்டியல் சொல்கிறது. அதற்காக உங்கள் வீட்டில் கூடுதலாகக் கட்டியது 233 ரூபாய். “ஐந்நூறைத் தாண்டாம பார்த்துக்கோ” என்று அம்மா ஏசி ரிமோட்டை எடுத்து வைத்துக்கொள்வது ஏன் என்று இப்போது தெரிகிறதா? அவர் அசமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார், எழுதாமல்.

நாம் எழுதிப் பார்ப்போம். ஏசி இல்லாமல் அந்த வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 260 யூனிட் ஆகிறது என்று வையுங்கள். ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடலாம்? கணக்கில் எக்ஸ்தான் வைக்க வேண்டும் என்று சட்டமில்லை; மணிக்கு ‘ம’ என்றே வைக்கிறேன். 60 நாளுக்கு ஏசியின் செலவு 60 × 1.5 × ம, அதாவது 90ம. எனவே

260 + 90ம ≤ 500
90ம ≤ 240
ம ≤ 8/3

நாளைக்கு 2 மணி 40 நிமிடம். இதில் இயற்கணிதம் எவ்வளவு இருந்தது? ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். நீங்கள் பயப்படுவது இந்த மூன்று வரிக்கு அல்ல, இதற்கு முந்தைய பத்திக்கு.

ஒரு சின்ன விஷயம். 8/3-ஐத் தசமத்தில் எழுதச் சொன்னால் பழகிய கை 2.67 என்று எழுதும். அதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 90 × 2.67 = 240.3. மொத்தம் 500.3. எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். சமன்பாட்டில் கடைசி இலக்கத்தை உருட்டினால், அதாவது முழுதாக்கினால், விடை கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். அசமன்பாட்டில் உருட்டுவதற்குத் திசை உண்டு. ‘மிகாமல்’ என்றால் கீழே உருட்ட வேண்டும். ‘குறையாமல்’ என்றால் மேலே. சுற்றுலா போகும் 73 பேருக்கு, 12 பேர் உட்காரும் வேன் எத்தனை வேண்டும் என்றால், வேன் எண்ணிக்கையை ‘வ’ என்று வைத்து 12வ ≥ 73 என்று எழுதினால் வ ≥ 6.08… என்று வரும். பக்கத்து முழு எண் 6 என்று எழுதினால் ஒருவர் பள்ளி வாசலிலேயே நிற்பார். ஏழு வேன் வேண்டும்.

வேன் முழுசாகத்தான் வரும் என்று கேள்வியில் எங்கும் எழுதியிருக்காது. எழுதாமல் விட்டது என்று நான் முதலில் சொன்னது இதைத்தான். ஏசி கணக்கிலும் இருக்கிறது. 60 நாள் என்று நாமாகவே வைத்துக்கொண்டோம். கணக்கெடுக்க வருகிறவர் ஐந்து நாள் தள்ளி வந்தால் 60 என்பது 65 ஆகிவிடும், 260-உம் இருந்த இடத்தில் இருக்காது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அதுவும் போச்சு. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இப்படி ஒரு அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. தேர்வில் அதை எழுதக் கேட்கமாட்டார்கள். ஆனாலும் கண் அங்கே போய்ப் பழக வேண்டும்.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம். கேள்விகளில் வரும் ‘குறையாமல்’ என்ற சொல்லில் உங்களுக்குக் கண்ணில் படுவது ‘குறை’ மட்டும். உடனே சிறியது என்ற குறியைப் போட்டுவிடுகிறீர்கள். ‘மிகாமல்’ என்பதில் ‘மிகு’ தெரிந்ததும் பெரியது. இரண்டும் தலைகீழ். சந்தேகம் வந்தால் ஒரு எண்ணை வைத்துக் கேளுங்கள். “வயது 18-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்” என்றால் 20 வயதுக்காரருக்கு அனுமதி உண்டா? உண்டு. 18 வயதுக்காரருக்கு? அவருக்கும் உண்டு. ஆகவே பெரியது, கீழே ஒரு கோடு. ‘18-க்கு மேல்’ என்றிருந்தால் கோடு கிடையாது. அந்தக் கோடு லேசில் வந்ததல்ல. சமக்குறியை ராபர்ட் ரெக்கார்டே 1557-இலேயே அச்சில் போட்டுவிட்டார். சிறியது, பெரியது குறிகள் தாமஸ் ஹாரியட்டின் புத்தகத்தில் 1631-இல் வந்தன, அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டவர் பிரான்சின் பியர் பூகேர், அது 1734-இல். உலகத்துக்கே இவ்வளவு காலம் பிடித்ததால் நீங்கள் ஒரு நிமிடம் தயங்குவதில் தப்பில்லை.

உங்களை அதிகம் கவிழ்ப்பது குறைக்குறி. குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ அசமன்பாட்டின் குறி திரும்ப வேண்டும். விதி எல்லாருக்கும் மனப்பாடம். கை மட்டும் மறந்துவிடும். இங்கேதான் கதை உதவிக்கு வருகிறது. மாடித் தொட்டியில் 5,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. நிமிடத்துக்கு 18 லிட்டர் வெளியே போகிறது. தொட்டியில் 1,400 லிட்டருக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம்? அதை ‘ந’ நிமிடம் என்று வைப்போம்.

5000 − 18ந ≥ 1400
−18ந ≥ −3600

அடுத்த வரியில் குறியைத் திருப்ப மறந்தவருக்கு ந ≥ 200 என்று வரும். 200 நிமிடத்துக்கு மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்து வைக்கலாமாம்! தண்ணீர் மிச்சம் வேண்டும் என்கிறவர் குழாயை விடிய விடியத் திறந்து வைப்பாரா? கதை உங்களைச் சட்டையைப் பிடித்து நிறுத்துகிறது. விடை ந ≤ 200. வெறும் குறிக்கணக்காக இருந்திருந்தால் இந்தத் தப்பு விடைத்தாளோடு போய்ச் சேர்ந்திருக்கும். குறி திருப்புவதே வம்பு என்று நினைப்பவர்கள் 18ந-வை வலப்பக்கம் கொண்டுபோய், 3600 ≥ 18ந என்று எழுதிக்கொள்ளுங்கள். திருப்ப வேண்டிய அவசியமே வராது. நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

உங்கள் பாடப்பகுதியில் வரும் பிளம்பர் கணக்கும் நல்ல கணக்கு. ஒரு முறைப்படி 500 ரூபாயும் மணிக்கு 70 ரூபாயும் தருகிறார்கள். மற்றொரு முறைப்படி மணிக்கு 120 ரூபாய் மட்டும். எப்போது முதல் முறை லாபம்? 500 + 70ம > 120ம என்று எழுதினால் ம < 10. பாதிப் பேர் நடுவில் சமக்குறியைப் போட்டு “10 மணி” என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். பத்து மணி நேரம் என்பது இரண்டு முறையிலும் 1,200 ரூபாயே கிடைக்கும் இடம். எந்த முறைக்கும் லாபம் இல்லாத ஒரே இடம். கேட்ட கேள்விக்கு நேர் எதிரான எண்ணை விடையாகக் கொடுத்திருக்கிறீர்கள். குழாய் ஒழுகலைச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் போதும் என்றால் பிளம்பர் எந்த முறையைக் கேட்பார், வீட்டுக்காரர் எந்த முறையைக் கேட்பார் என்று யோசித்துவிட்டு அப்புறம் எழுதுங்கள். குறி தானாக வரும்.

அமிலக் கரைசல் கணக்கைப் பார்த்து அரண்டுபோகிறீர்கள். 12 சதவீத அமிலம் 600 லிட்டர் இருக்கிறது. அதில் 30 சதவீத அமிலம் எவ்வளவு ஊற்றினால் கலவை 15-க்கும் 18-க்கும் நடுவில் இருக்கும் என்ற கேள்வி. இதில் ஒரே ஒரு கண்ணிதான். ஊற்ற ஊற்ற அமிலமும் கூடுகிறது, மொத்தக் கலவையும் கூடுகிறது. வலப்பக்கத்தில் 600-இன் 15 சதவீதம் என்று எழுதினால் கதை முடிந்தது. 600-ஓடு ஊற்றியதையும் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் 120 லிட்டருக்கு மேல், 300 லிட்டருக்குள் என்று வந்துவிடும். 200 லிட்டர் ஊற்றிப் பாருங்கள்: 72-உம் 60-உம் 132 லிட்டர் அமிலம், மொத்தம் 800 லிட்டர், 16.5 சதவீதம். சரிதான்.

இரண்டு நிபந்தனை சேர்ந்து வரும்போது எது உண்மையில் உங்களைப் பிடித்து இழுக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். தேர்ச்சி விதியே ஒரு நல்ல உதாரணம். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். எழுத்தில் தனியாக 15 வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் முழுசாக 30 வாங்கியவருக்கு முதல் விதிப்படி எழுத்தில் 5 போதும். ஆனால் இரண்டாவது விதி 15 கேட்கிறது. அவருக்கு 35 என்ற விதி சும்மா நிற்கிறது. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 13 மட்டும் வாங்கியவருக்கு எழுத்தில் 22 வேண்டும். அவருக்கு 15 என்ற விதியால் ஒரு பயனும் இல்லை. அந்த இரண்டின் கூட்டு மதிப்பெண்ணில் விதி மாறுகிற இடம் 20. அதுவரை மொத்த விதி பிடிக்கும், அதற்கு மேல் எழுத்து விதி. எல்லா விதியும் எல்லாரையும் ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் அசமன்பாட்டுத் தொகுப்பில் பாதி தெரிந்த மாதிரி.

“இதெல்லாம் எங்கே சார் உதவும்?” என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கதை.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் ஒரு வாக்கியக் கணக்கைப் போட்டார். ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி, புரதம், கால்சியம், வைட்டமின்கள் என்று ஒன்பது சத்துகள். ஒவ்வொன்றும் இவ்வளவுக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். தேர்ந்தெடுக்க 77 உணவுப் பொருள்கள். ஆகக் குறைந்த செலவில் சாப்பிடுவது எப்படி? ஒன்பது அசமன்பாடு, 77 மாறிகள். சாமர்த்தியமாகத் தடவித் தடவி, 1939-ஆம் ஆண்டு விலையில் வருஷத்துக்கு 39.93 டாலர் என்று ஒரு விடைக்கு வந்தார். கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், கீரை, உலர்ந்த பயறு, இவ்வளவுதான் சாப்பாடு. இரண்டு ஆண்டில் ஜார்ஜ் டான்ட்சிக் இந்த மாதிரிக் கணக்குகளைத் தீர்க்க ‘சிம்ப்ளெக்ஸ்’ என்ற முறையைக் கண்டுபிடித்தார். அதை வைத்து ஜாக் லேடர்மன் அந்தக் கணக்கை மறுபடி போட்டார். கணினி புழக்கத்துக்கு வராத காலம். ஒன்பது பேர் மேஜைக் கணக்கு எந்திரங்களோடு உட்கார்ந்தார்கள்; ஒருவரே செய்தால் 120 நாள் பிடிக்கும் வேலை. வந்த விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் தடவலுக்கும் சரியான விடைக்கும் வருஷத்துக்கு 24 சென்ட்தான் வித்தியாசம்.

கதையின் பிந்தைய பகுதிதான் எனக்குப் பிடித்தது. 1950-களில் டான்ட்சிக்குக்கு உடம்பைக் குறைக்க வேண்டியிருந்தது. தன் முறையையே தன் சாப்பாட்டுக்குப் போட்டுப் பார்த்தார். கலோரிக்கு ஒரு மேல் எல்லை. வயிறு நிறைந்த மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக, நீரைக் கழித்துவிட்டு உணவின் எடை எவ்வளவு கூடுமோ அவ்வளவு கூட வேண்டும் என்று வைத்தார். கணினி சொன்ன பட்டியலில் நாளைக்கு 500 கேலன் வினிகர் இருந்தது! வினிகரில் நீரே இல்லை என்று அட்டவணையில் பதிந்திருந்தது. கணினி அதை நம்பிவிட்டது. வினிகரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். இப்போது நாளைக்கு 200 சூப்புக் கட்டிகள். உப்புக்கு ஒரு மேல் எல்லை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யார்தான் நாளைக்கு 200 சூப்புக் கட்டி சாப்பிடுவார்கள் என்று நினைத்து எழுதாமல் விட்டது அது. டான்ட்சிக் சிலவற்றை வெந்நீரில் கரைத்துக் குடித்துப் பார்த்தாராம். வாயில் வைக்க முடியாத உப்பு. பிறகுதான் கட்டிகளுக்கு ஒரு உச்ச எண்ணிக்கையை அசமன்பாடாகச் சேர்த்தார்.

சிம்ப்ளெக்ஸைக் கண்டுபிடித்தவருக்கே சொல்லாமல் விட்ட நிபந்தனை இப்படி வேலையைக் காட்டியிருக்கிறது. கணினி கணக்கில் தப்புப் பண்ணவில்லை. கொடுத்த வாக்கியங்களை எழுத்துப் பிசகாமல் மதித்தது. இன்றைக்கு லாரி எந்த வழியில் போக வேண்டும், விமானத்துக்கு எந்தப் பணிக்குழுவை ஏற்ற வேண்டும் என்பதற்கெல்லாம் பின்னால் இதே வகை அசமன்பாடுகள்தான் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தீர்க்கிற வேலையை எந்திரம் பார்த்துக்கொள்கிறது. வாக்கியத்தைப் படித்து, எதை மாறியாக வைப்பது, எதற்கு எல்லை போடுவது, எதை எழுதாமல் விட்டோம் என்று பார்க்கிற வேலை இன்னும் மனுஷனிடம்தான் இருக்கிறது. நீங்கள் சாய்ஸில் விடுவது அந்தப் பாதியை.

கைடு புத்தகத்தில் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் விடை இருக்கிறது, தெரியும். அதை மனப்பாடம் செய்து எழுதுகிறவர்களும் உங்களில் உண்டு. வேனில் 12 இருக்கை என்பதை 14 என்று மாற்றினால் போதும், அவர்கள் பழைய விடையையே எழுதிவிட்டு வருவார்கள். அதைவிடச் சொந்தமாகத் தப்பாகப் போடுவதை நான் மதிப்பேன்.

அடுத்த தேர்வில் அந்த நாலு வரிக் கணக்கு வந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் கடைசி வாக்கியத்தைப் படியுங்கள், என்ன கேட்கிறார்கள் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கேட்பது எதுவோ அதற்கு ஒரு எழுத்து வைத்து, அது என்ன, எந்த அலகு என்று ஒரு முழு வரி எழுதுங்கள். பிறகு எல்லை சொல்லும் சொல்லைத் தேடி அடிக்கோடிடுங்கள். விடை வந்ததும் எல்லைக்கு உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண் எடுத்துக் கதையில் போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது பொருந்தி, வெளியே இருப்பது பொருந்தாமல் போனால் குறியின் திசை சரி. கடைசியில் விடையைக் குறியாக விட்டுவிடாமல் வாக்கியமாக எழுதுங்கள்: “நாளைக்கு அதிகபட்சம் 2 மணி 40 நிமிடம் ஏசி போடலாம்.” கேள்வி தமிழில் வந்தது, பதிலும் தமிழில் போகட்டும்.

நேரம் இல்லாமல் போய்விட்டதா? அப்போதும் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். மாறி எது என்ற வரியையும் அசமன்பாட்டையும் மட்டுமாவது எழுதிவிட்டு வாருங்கள். அதற்கும் ஸ்டெப் மார்க் உண்டு.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்களில் ஒருவன்